ஐவரில் ஒருவராக ஆடுவது எப்படி?

2016-ம் ஆண்டு டென்மார்க்கில் கவுன்டர்-ஸ்டிரைக் என்ற ஐவர் அணி வீடியோ விளையாட்டுக்காக அஸ்ட்ராலிஸ் என்றொரு அணி உருவானது. திறமைக்குக் குறைவே இல்லை. நிகோலாய் ரீட்ஸ் ஸ்னைப்பரைக் கையில் எடுத்தால் எதிரணி பாதையை மாற்றிக்கொண்டு போகும். இருந்தும் அந்த அணிக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது: பெரிய ஆட்டத்தில், ஜெயிக்க வேண்டிய நேரத்தில் தடுமாறிவிடுவார்கள். அந்த ஆண்டில் அவர்கள் பின்லாந்தின் விளையாட்டு உளவியலாளர் மியா ஸ்டெல்பெர்கின் உதவியை நாடினார்கள். இலையுதிர் காலத்தில் லூகாஸ் ரோசாந்தர் அணிக்குள் வந்து தலைமையை ஏற்றார். 2017 ஜனவரியில் அட்லான்டாவில் நடந்த, மேஜர் எனப்படும் உச்சப் போட்டியின் இறுதியில் போலந்தின் விர்டஸ்.ப்ரோ அணிக்கு எதிராகக் கடைசி மேப்பை 16-14 என்று முடித்து முதல் பட்டத்தை வென்றார்கள். அதன்பிறகு 2018-ல் லண்டன், 2019-ல் காடோவிட்ஸே, அதே ஆண்டில் பெர்லின். மூன்று மேஜர்களைத் தொடர்ச்சியாக வென்ற முதல் அணி அது.

இந்தக் காலத்தில் அவர்களுடைய விரல் வேகம் இரட்டிப்பாகிவிடவில்லை. சுடும் திறமையில் அவர்களுக்குச் சமமானவர்கள் அன்றைக்கு வேறு அணிகளிலும் இருந்தார்கள். அஸ்ட்ராலிஸில் மாறியது, ஒவ்வொருவரும் மற்ற நால்வருக்காக என்ன செய்கிறார் என்பதுதான். ஒருவர் வீசும், எதிரியின் கண்ணை மறைக்கும் ஃப்ளாஷ் குண்டு வெடிக்கும் அதே நொடியில் இன்னொருவர் மூலையைத் தாண்டியிருப்பார். புகைக் குண்டு எங்கே விழ வேண்டும், எத்தனையாவது விநாடியில் விழ வேண்டும் என்பதுவரை ஒத்திகை பார்த்திருந்தார்கள். அவர்களுக்குப் பிறகு, கையெறி குண்டுகளை இந்த அளவுக்குப் படிக்காமல் எந்த அணியும் மேலே வர முடியவில்லை.

நம் ஊரில் பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர், வாலரண்ட், கவுன்டர்-ஸ்டிரைக் ஆடும் பிள்ளைகள் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களில் பலர் வருஷக்கணக்காக ஆடுகிறார்கள். ரேங்க் மட்டும் ஏறுவதில்லை. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "டீம் சரியில்ல மச்சி." இந்தப் பதிலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. முன்னேற்றத்துக்குப் பெரிய தடை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நான்கு பேர், ஐந்து பேர்

ரேங்க் முறைகளுக்கு மூலமான கணக்கைப் போட்டவர், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த ஆர்பாட் எலோ. சதுரங்கத்துக்காக அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-ல் ஏற்றுக்கொண்டது. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் புள்ளி கூடும், மோசமாக ஆடினால் குறையும். நாளடைவில் ஆளின் உண்மையான நிலைக்கு அருகே எண் வந்து நிற்கும். இன்றைய அணி விளையாட்டுகள் அந்தக் கருத்தை விரிவாக்கிப் பயன்படுத்துகின்றன. உங்களுக்குச் சமமானவர்களோடு உங்களைக் கோத்துவிடுவதுதான் அவற்றின் வேலை. அதனால் பாதி ஆட்டங்களில் ஜெயிப்பதும் பாதியில் தோற்பதும் இயல்பே.

ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் உங்கள் பக்கம் முன்பின் தெரியாதவர்கள் நான்கு பேர். எதிர்ப்பக்கம் ஐந்து பேர். நீங்கள் ஒழுங்காக ஆடுகிறீர்கள் என்றால், சொதப்புகிறவர் ஒருவர் வந்து உட்கார உங்கள் அணியில் நான்கு இடங்கள்தான் உண்டு. எதிரணியில் ஐந்து உண்டு. ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டம் கைவிடலாம். நூறு ஆட்டங்களில் அந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகத்தான் சாயும். அந்த நூறு ஆட்டங்களிலும் மாறாமல் இருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். இது கசப்பான கணக்கு. ஆனால் நம்பிக்கை தருகிற கணக்கும் இதுவே, ஏனென்றால் திருத்த வேண்டிய ஆள் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்.

கண் முன்னே போக வேண்டும்

முதலில் கை. சுடும் விளையாட்டில் வேகமான ரியாக்‌ஷன் உள்ளவரே வெல்வார் என்று நினைப்பது வழக்கம். திரையில் ஒன்றைக் கண்டு மனிதக் கை அசைய ஏறத்தாழ கால் விநாடி ஆகிறது. பயிற்சி பெற்றவர்களுக்கு அதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தொழில்முறை ஆட்டக்காரரின் டெமோவை, அதாவது ஆட்டப் பதிவை, பொறுமையாகப் பார்த்தால் ஒன்று புரியும். அவருடைய மவுஸ் அதிகம் அசைவதே இல்லை. எதிரி வெளிப்படும் முன்பே கிராஸ்ஹேர் (திரை நடுவிலுள்ள குறி) தலை உயரத்தில், மூலையின் விளிம்பில், ஆள் வரப்போகும் இடத்தில் காத்திருக்கிறது. ஆள் அதற்குள் வந்து நுழைகிறான். புதியவருடைய கிராஸ்ஹேர் தரையைப் பார்த்தபடி போகும். எதிரியைக் கண்டதும் மேலே இழுத்து, பக்கவாட்டில் திருத்தி, பிறகு சுடுவார். அதற்குள் கதை முடிந்திருக்கும். "அவன் ரொம்ப ஃபாஸ்ட்" என்று நாம் சொல்கிற ஆள் பல நேரங்களில் நம்மைவிட வேகமானவன் இல்லை. அவனுக்கு நகர்த்த வேண்டிய தூரம் குறைவு.

ஆகவே முதல் பயிற்சி மிகச் சாதாரணமானது. ஆளே இல்லாத காலி மேப்பில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் தலை எந்த உயரத்தில் வரும் என்று கண்ணுக்குப் பழக்குங்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் தினமும் சிறிது நேரம் இதைச் செய்தவருக்கு ஒரு மாதத்தில் பெரிய மாற்றம் தெரியும்.

அடுத்தது நிற்பது. கவுன்டர்-ஸ்டிரைக்கிலும் வாலரண்டிலும் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கேயோ போகும். கால் நின்ற கணத்தில்தான் முதல் குண்டு சொன்ன இடத்துக்குப் போகும். கவுன்டர்-ஸ்டிரைக்கில் வலப்பக்கம் போகும்போது விசையை விட்டால் மட்டும் போதாது, இடப்பக்க விசையை ஒரு தட்டுத் தட்டினால்தான் சட்டென்று நிற்க முடியும். விரலுக்கு இது பழகாதவரை வேறு எந்த நுணுக்கமும் பலன் தராது. ஏகே-47 துப்பாக்கியின் ஒரே குண்டு ஹெல்மெட் போட்ட தலையையும் வீழ்த்திவிடும்; எதிர்ப்பக்கத்தாரின் எம்4 துப்பாக்கியால் அது முடியாது. நின்று, தலைக்கு ஒன்று வைத்துச் சுடத் தெரிந்தவருக்கு அந்த ஒரு வித்தியாசம் போதும்.

மவுஸ் சென்சிட்டிவிட்டியை வாரம் ஒருமுறை மாற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். யூடியூபில் பார்த்த யாரோ ஒருவருடைய அமைப்பை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் தொடாமல் விடுவதுதான் கைக்கு நல்லது. ஃபோனில் ஆடுகிறவர்களுக்கும் இதே பேச்சு: எத்தனை விரலால் ஆடுவது, பொத்தான்களை எங்கே வைப்பது என்று ஒருமுறை முடிவெடுத்துவிட்டு அதிலேயே நில்லுங்கள்.

லேக் அடிக்கிறது, அதாவது இணையம் தாமதிக்கிறது என்ற புகாரில் நியாயம் உண்டு, ஓரளவுக்கு. கவுன்டர்-ஸ்டிரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர் வசதி இருப்பதால் தமிழ்நாட்டில் ஆடுகிறவருக்குக் குறைந்த பிங் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறினாலே பல வீடுகளில் பிரச்சினை தீரும். ஆனால் இணையத்தின் இயல்பால் வருகிற ஒரு பாரபட்சத்தைப் புரிந்துகொள்வது நல்லது. மூலையைத் தாண்டி எட்டிப் பார்ப்பவர், அங்கே காத்திருப்பவரை ஒரு கணம் முன்னதாகப் பார்த்துவிடுகிறார். அவர் வெளியே வந்த செய்தி காத்திருப்பவரின் திரைக்குப் போய்ச் சேரச் சிறிது நேரம் ஆகிறது. ஒரே இடத்தில் அசையாமல் கேம்ப் அடிப்பவர் பல நேரங்களில் முதலில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாவைப் பார்க்கக் கற்பது

கைப்பயிற்சியைவிட முக்கியம் என்று நான் கருதுவது இதைத்தான்: ஆட்டத்தில் உங்கள் சொந்தச் சாவுகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. பத்தாயிரம் மணி நேரம் என்று உலகமெல்லாம் பிறகு பேசப்பட்டது அதிலிருந்து வந்த பேச்சுதான். அந்தச் சுருக்கத்தை எரிக்சன் ஏற்கவில்லை. மணிக்கணக்கு மட்டும் யாரையும் உயர்த்தாது. தன் குறையைக் குறிவைத்து, உடனுக்குடன் திருத்திக்கொண்டு செய்யும் பயிற்சியே உயர்த்தும் என்பது அவர் கட்சி. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடியும் ரேங்க் நகராத நம் பிள்ளைகளைப் பார்த்தால் அவர் சொன்னதன் உண்மை விளங்கும். அவர்கள் ஆடுகிறார்கள், பயிற்சி எடுப்பதில்லை.

கவுன்டர்-ஸ்டிரைக்கில் ஆடி முடித்த ஆட்டத்தின் டெமோவைத் தரவிறக்கிப் பார்க்கலாம். வாலரண்டில் இந்த வசதி 2025-ல்தான் வந்தது. ஃபோனில் ஆடுகிறவர் திரையைப் பதிவு செய்துகொள்ளலாம். ஜெயித்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள். நெருங்கிப் போய்த் தோற்ற ஓர் ஆட்டத்தை எடுத்து, நீங்கள் செத்த ஒவ்வொரு இடத்துக்கும் பத்து விநாடி முன்னால் போய் நிறுத்துங்கள். அங்கே உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? மேப்பில் தோழர்கள் எங்கே நின்றார்கள்? நீங்கள் விழுந்தால் பழிவாங்கக்கூடிய தூரத்தில் யாராவது இருந்தார்களா? அந்த இடத்துக்கு நீங்கள் போயே ஆக வேண்டுமா?

இப்படி நாலைந்து ஆட்டங்களைப் பார்த்தால் திகைப்பான ஒன்று வெளிப்படும். உங்கள் சாவுகளில் பெரும்பகுதி ஒரே மாதிரியானவை. ஒருவர் எப்போதும் ரீலோட் செய்யும்போதே சாவார். இன்னொருவர், ஒரு கொலை செய்த உற்சாகத்தில் அதே இடத்தில் மறுபடியும் எட்டிப் பார்த்துச் சாவார். மேப்பில் பாம் வைக்கும் இடங்கள் ஏ, பி என இரண்டு; மற்றொருவர் அணி பி பக்கம் போகும்போது ஏ பக்கத்தில் தனியாக நின்று சாவார். குறி தவறியதால் வந்த சாவுகளை எண்ணிப் பாருங்கள். நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். சுடுவதற்கு முன்னாலேயே, எடுத்த முடிவிலேயே ஆட்டம் போயிருக்கும்.

பிடித்தவன் மேல் விழு

தோழன் விழுந்ததும் அவனைக் கொன்றவனை அடுத்த நொடியே வீழ்த்துவதை 'டிரேட்' என்கிறார்கள். அணி ஆட்டத்தின் உயிர்நாடி இதுதான். கபடியில் கார்னரில் நிற்பவர் ரெய்டரின் காலைப் பிடித்துவிட்டார். மற்றவர்கள் பாய்ந்து மேலே விழவில்லை என்றால் அந்தப் பிடிக்கு மதிப்பில்லை, பிடித்தவரே அவுட். இங்கேயும் முதலில் உள்ளே நுழைபவர் செத்தாலும், இரண்டாவது ஆள் சரியான தூரத்தில் வந்திருந்தால் கணக்கு நான்குக்கு நான்கு. இரண்டாவது ஆள் பத்தடி பின்தங்கியிருந்தால் நான்குக்கு ஐந்து. முதல் ஆளின் சாவு வீண்.

ஸ்கோர்போர்டில் இது முழுதாகத் தெரியாது. கொலைகளை மட்டும் எண்ணுவதன் போதாமையைக் கவுன்டர்-ஸ்டிரைக் உலகமே உணர்ந்தது. ஆட்டப் புள்ளிவிவரங்களை வெளியிடும் எச்எல்டிவி தளம் 2017-ல் தன் ரேட்டிங்கைத் திருத்தியமைத்தபோது புதிதாக ஓர் அளவைச் சேர்த்தது: எத்தனை ரவுண்டுகளில் ஒருவர் கொன்றார், அல்லது கொலைக்கு உதவினார், அல்லது பிழைத்தார், அல்லது அவர் செத்தாலும் தோழர் பழிதீர்த்தார். இந்த நான்கில் ஒன்றுகூட நடக்காத ரவுண்டில் நீங்கள் அணிக்கு ஏறக்குறைய எதையும் கொடுக்கவில்லை. உங்களை அளக்க நல்ல அளவுகோல் வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அஸ்ட்ராலிஸில் ஆண்ட்ரியாஸ் ஹோய்ஸ்லெத் என்ற ஆட்டக்காரர் இருந்தார். மற்றவர் கேட்ட இடத்தில் நின்றார், மற்றவர் நுழைய ஃப்ளாஷ் வீசினார், கொலைப் பட்டியலில் பெரும்பாலும் கீழேதான் இருந்தார். ஆனால் எல்லோரும் விழுந்து, தனியாளாக இரண்டு பேரையோ மூன்று பேரையோ எதிர்கொள்ளும் கட்டம் வந்தால் அவரைவிட நிதானமான ஆள் இல்லை என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். எதிரி அவசரப்படும்வரை அவர் காத்திருப்பார். எனக்கு அந்த அணியில் மிகப் பிடித்த ஆட்டக்காரர் அவர்தான். நம் பிள்ளைகள் ரீட்ஸின் ஸ்னைப்பர் காட்சிகளைப் பார்ப்பதோடு, இவர் ஒரு ரவுண்டு முழுக்க என்ன செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பிஜிஎம்ஐயில் இதே பாடம் வேறு உருவில் வரும். தோழன் நாக் ஆகிவிட்டான், அதாவது சுடப்பட்டு விழுந்துகிடக்கிறான். உடனே ஓடிப் போய் அவனை எழுப்பி ரிவைவ் செய்யத் தோன்றும். சுட்டவன் அதற்காகத்தான் காத்திருக்கிறான். முதலில் புகை போட்டு மறைக்க வேண்டும். அல்லது சுட்டவனை விரட்ட வேண்டும். அதன் பிறகுதான் ரிவைவ். பாசத்தால் ஓடியவரும் சேர்ந்து விழுந்தால் நால்வர் ஸ்குவாடில் மிச்சம் இரண்டு பேர்.

ஆட்டத்துக்குள் ஆயுதம் வாங்கும் பண விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கவுன்டர்-ஸ்டிரைக்கில் ஏகே-47 விலை 2,700, ஹெல்மெட்டோடு கவசம் 1,000, ஏ.டபிள்யூ.பி. ஸ்னைப்பர் 4,750. தோற்ற ரவுண்டுக்கு 1,400-ல் தொடங்கி, தொடர்ந்து தோற்றால் 3,400 வரை கிடைக்கும். நால்வர் காசு சேர்க்கும் ரவுண்டில் ஒருவர் மட்டும் துப்பாக்கி வாங்கினால் அந்த ரவுண்டும் போகும், அடுத்த ரவுண்டில் அவரிடம் காசும் இருக்காது. வாங்கினால் ஐவரும் வாங்க வேண்டும், சேர்த்தால் ஐவரும் சேர்க்க வேண்டும்.

வாய் செய்யும் வேலை

"டேய் டேய், அங்க அங்க! போச்சுடா!" இதைக் கேட்ட தோழனுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. "பி-ல ரெண்டு பேர். ஒருத்தன் லோ. பாம் அவன்கிட்ட." எங்கே, எத்தனை பேர், என்ன நிலை என்பதை இரண்டே விநாடியில் சொல்லியாகிவிட்டது. செத்தவரிடமிருந்து அணிக்கு வர வேண்டியது இவ்வளவுதான். சொன்னபின் வாயை மூடிக்கொள்வது பெரிய உதவி. கடைசியாக நிற்பவர் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் ஆடுகிறார். அந்த நேரத்தில் நால்வரும் சேர்ந்து "பின்னாடி பாருடா, டிஃப்யூஸ் பண்ணுடா" என்று கத்தினால், எதிரி செய்ய வேண்டியதை நாமே செய்துவிட்டோம் என்று பொருள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் குரல் கேட்டதுமே கேலியும் வசவும் தொடங்கிவிடுவதால் மைக்கை மூடிவைத்தே ஆடும் பெண்கள் ஏராளம். அது அநாகரிகம் என்பது முதல் விஷயம். ஆட்டக் கணக்கிலும் அந்த அணி ஒரு ஜோடிக் கண்ணைத் தானே குத்திக்கொண்டிருக்கிறது. அவர் பார்த்த எதிரி இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. திட்டு வாங்கிய புதியவன் விஷயத்திலும் இதுவே நடக்கும். அடுத்த ரவுண்டில் அவன் பயந்து ஆடுவான், சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டான்.

எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம்

2019 ஏப்ரல் 13 அன்று சான் பிரான்சிஸ்கோவில், டோட்டா 2 விளையாட்டின் அப்போதைய உலக சாம்பியனான ஓஜி அணியை ஓபன்ஏஐ ஃபைவ் என்ற செயற்கை நுண்ணறிவு அணி 2-0 என்று வென்றது. தன்னோடு தானே மோதி அது ஆடித் தீர்த்த ஆட்டம், மனிதக் கணக்கில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகள். அந்த எண்ணைவிட எனக்குச் சுவாரசியமானது, அந்த எந்திரத்துக்குள் வைத்திருந்த ஒரு திருகு. 'குழு உணர்வு' என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். பூஜ்யத்தில் வைத்தால் ஐந்து வீரர்களில் ஒவ்வொருவரும் தன் லாபத்தை மட்டும் பார்ப்பார். ஒன்றில் வைத்தால் தன் லாபம், தோழர் லாபம் என்ற வேறுபாடே இருக்காது. பயிற்சியின் தொடக்கத்தில் அதைக் குறைவாக வைத்து, போகப்போகக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

காரணம் எளிது. ஆரம்பத்திலேயே வெற்றியை ஐவருக்கும் சமமாகப் பகிர்ந்தால், எந்தச் செயலால் எது நடந்தது என்று கற்பவருக்குப் புலப்படாது. தன் அடி தனக்கு என்ன தந்தது என்று தெளிவாகத் தெரிந்தபின், அதே அடி அணிக்கு என்ன தந்தது என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம். மனிதருக்கும் இந்த வரிசை பொருந்தும் என்று நான் நம்புகிறேன். புதியவர் முதலில் கையையும் கிராஸ்ஹேரையும் காலையும் ஒழுங்குபடுத்தட்டும், அப்போதைக்குக் கொலை எண்ணிக்கையே அவருக்கு அளவாக இருக்கட்டும். ஆனால் நம்மில் பலர் அந்தத் திருகைத் தொடக்க நிலையிலேயே விட்டுவிட்டு வருஷக்கணக்காக ஆடுகிறோம். ரேங்க் ஓரிடத்தில் போய் முட்டி நிற்பது அங்கேதான்.

அந்த ஓஜி அணியின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2018-ல் உலகப் போட்டிக்குச் சில மாதங்களே இருந்தபோது இரண்டு முக்கிய வீரர்கள் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். பயிற்சியாளராக இருந்த செபாஸ்டியன் டெப்ஸே களமிறங்கினார். உயர்மட்டப் போட்டிகளில் அனுபவமில்லாத பின்லாந்து இளைஞர் ஒருவரும் சேர்ந்தார். யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்ற திறந்த தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து, வான்கூவரில் சாம்பியன் ஆனார்கள். இவர்களுடனும் மியா ஸ்டெல்பெர்க் பணிபுரிந்தார். எந்திரத்திடம் தோற்ற பிறகும் துவளவில்லை. 2019 ஆகஸ்டில் ஷாங்காயில் மறுபடியும் வென்று, அந்தப் பட்டத்தை இருமுறை வென்ற முதல் அணி ஆனார்கள்.

உடம்பும் வீடும்

விரலுக்குப் பழக்கிய வித்தை படிவது தூக்கத்தில்தான். விடியற்காலை மூன்று மணிவரை ஆடினால் அன்று கற்றது சரியாகப் படியாது. மணிக்கட்டு வலித்தால் நிறுத்த வேண்டும். தோற்ற ஆத்திரத்தில் அடுத்த ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். அந்த மனநிலையில் எடுக்கும் முடிவுகளைப் பிறகு டெமோவில் பார்க்கவே கூசும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டி ஆடும் ரம்மியும் இந்த விளையாட்டுகளும் ஒன்றில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியே அங்கீகரித்திருக்கிறது. அதற்காக இரவு பகலாக ஆடலாம் என்றாகிவிடாது. ஆட்டத்தின் மீதான பிடி கைமீறிப் போவதை உலக சுகாதார அமைப்பு நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. பிள்ளை எத்தனை மணி நேரம் ஆடினான் என்பதோடு, இன்றைக்கு ஆட்டத்தில் எதைத் திருத்தினாய் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை பயிற்சி எடுக்கிறான். தெரியாவிட்டால் நேரத்தைக் குறைப்பது பற்றிப் பேச அதுவே நல்ல தருணம்.

ஆடுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, முடிந்தவரை மாறாத நான்கு நண்பர்களோடு ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் வாய்ஸ் சாட்டை விட்டு உடனே வெளியேறாமல், பக்கத்தில் நின்று ஆடிய ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் அந்த ஸ்மோக்கை எப்ப போட்டிருந்தா உனக்கு உள்ள போக வசதியா இருந்திருக்கும்?" அவர் சொல்லும் விநாடியைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்தில் அந்த விநாடியில் போடுங்கள்.